வடிவாப் பார்த்துச் செய்யுங்கோ

முதலில் கையை எடுக்க வேண்டும்.

படத்தின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே நீண்டிருக்கிறது. மணிக்கட்டு வரைதான் தெரிகிறது. விரல்களில் கேன் மூடி போல ஏதோ ஒன்று. மவுஸைப் பிடித்த வலது கை, பக்கத்திலிருக்கும் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு விரல் நுனியின் மேல் வைக்கிறது. மறுபடி எடுக்கிறது, வைக்கிறது. ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை எடுப்பதில்லை. எடுத்தால் ஒரே மாதிரிப் புள்ளிகள் வரிசையாக நின்று காட்டிக் கொடுத்துவிடும். இருபது நிமிடத்தில் ஐந்து விரல்களும் மூடியும் போய்விட்டன. கை இருந்த இடத்தில் வெறும் வானம்.

சாவுக்குப் படம் செய்கிற கடைகளில் இது தினமும் நடப்பது. செத்தவருக்குத் தனியாக ஒரு நல்ல படம் இருப்பது அபூர்வம். கல்யாணத்திலோ மஞ்சள் நீராட்டிலோ கூட்டத்தோடு நின்று எடுத்ததிலிருந்து முகத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் தோள்மேல் யாரோ ஒருவரின் கை மட்டும் மிச்சமாக நிற்கும். உடம்பில்லாத கையோடு யாரையும் சுவரில் மாட்ட முடியாது. ஆகவே முதலில் கை.

அடுத்தது கண். மூடியிருந்தால் திறக்க வேண்டும். பிளாஷ் வெளிச்சத்தில் இமைத்தவர்கள் உண்டு. ஆயுளில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமல், ஐஸ் பெட்டியில் வைத்த பிறகு செல்போனில் எடுக்கப்பட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் வைத்தியம் ஒன்றுதான். பிள்ளைகளில் யாருக்கு அந்தச் சாயல் இருக்கிறதோ அவர் படத்தை வாங்கி, அந்தக் கண்ணை எடுத்து, அளவு பார்த்து, வெளிச்சம் பார்த்து இந்த முகத்தில் வைப்பார்கள். மூடிய கண்ணோடு ஒரு படத்தை வீட்டில் மாட்டக் கூடாது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆவடி மார்க்கெட் பக்கம் இந்த வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும்.

மவுஸைப் பிடித்திருந்த கை வேம்புலியுடையது. வயது ஐம்பத்திரண்டு. அவருடைய அப்பா கொரட்டூர் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றினார். வேம்புலி பத்தாவதில் கணக்கில் விழுந்து, அதே எஸ்டேட்டில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் சேர்ந்தார். அங்கே கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேஜைமேல் பிலிமைப் பரப்பி, தூசி விழுந்து ஓட்டையான இடங்களை ஒற்றை முடித் தூரிகையால் சிவப்பு மை வைத்து அடைப்பது அவர் வேலை. ஒரு புள்ளி விட்டால் அச்சில் பத்தாயிரம் தாளிலும் அது வரும். பத்து வருடம் அப்படிப் புள்ளி அடைத்தார். பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் வந்து பிலிம் போனபோது அவருக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. தன் முகத்தையே திரையில் திறந்து வைத்துக்கொண்டு, மெனுவில் இருப்பதை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒரு மாதத்தில் அந்த முகம் பச்சையாகி, ஊதாவாகி, கல்லாகித் திரும்பி வந்தது. அதற்குள் அவருக்கு வேலை பிடிபட்டுவிட்டது.

இப்போது மார்க்கெட் தெருவில் பத்துக்குப் பதினெட்டு அடியில் ஒரு கடை. முன்பாதியில் வேம்புலியின் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். பின்பாதியில் பிரேம் வெட்டும் அப்துல் ரசாக். நடுவில் ஒரு பிளைவுட் தட்டி. அது பேச்சைத் தடுப்பதில்லை.

கை நீண்டிருந்த அந்தப் படத்தைக் கொண்டுவந்தவள் ஜெபா. முப்பது வயதிருக்கும். சேக்காட்டில் வாடகைக்கு இருக்கிறாள், எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறாள். போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, சித்தியோடு இலங்கையிலிருந்து வந்தவள். அவள் வந்த சாயங்காலம் கடையில் பாஸ்போர்ட் சைஸ் கூட்டம்.

"அண்ணை, ஒரு படம் பிரேம் போட வேணும்."

"வாட்ஸாப்ல அனுப்பு மா. யார் படம்?"

"என்ர அம்மா. சண்டைக்குள்ள செத்துப்போனா. முகம் மட்டும் போதும். பின்னால கிடக்கிறதெல்லாம் எடுத்துவிடுங்கோ."

"எப்ப வேணும்?"

"நவம்பர் ரெண்டுக்கு முதல். கல்லறைத் திருநாள்." அன்றைக்கு மற்றவர்கள் கல்லறைக்குப் போய் வெள்ளையடித்துப் பூ வைப்பார்கள். அவளுக்குப் போக ஒரு கல்லறை இல்லை. வருடா வருடம் சுவரடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறாள், சுவரில் ஒன்றும் இல்லை. "வேற படம் ஒண்டும் இல்லை அண்ணை. இது ஒண்டுதான். வடிவாப் பார்த்துச் செய்யுங்கோ."

"அழகா பண்ணிக் குடுக்கறேன், கவலப்படாத" என்றார் வேம்புலி. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்தவர் ஆதார் கார்டை நீட்டிவிட்டார்.

கடை காலியானதும் பைலைத் திறந்தார். பத்திரிகைக்கு எடுத்த போர்ப்படம் என்று பார்த்ததுமே தெரிந்தது. தார்ப்பாய், புகை, தரையில் கிடப்பவர்கள், ஒரு சைக்கிள் சக்கரம். எல்லாமே சாம்பல். நடுவில் ஒரு பெண்ணின் முகம் மேல் நோக்கி நிமிர்ந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. புகையைத் தாண்டி வந்த வெயில் அந்த முகத்தில் மட்டும் விழுந்து, கன்னத்தில் தொடங்கித் தாடையில் கரைந்தது. ஸ்டூடியோவில் இரண்டு பக்கமும் தெர்மாகோல் அட்டை பிடித்து அரை நாள் முயன்றாலும் அப்படி ஒரு வெளிச்சம் வராது. வேம்புலி மவுஸைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

பிறகுதான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

"பாய், இங்க வா. இத்த பாரு."

ரசாக் பசைக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "யா அல்லா. யாரு மாமே இது?"

"சேக்காட்டுலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சே, அதோட அம்மா. சிலோன்ல சண்டைல பூட்டாங்க."

"பாவம். மூடுப்பா, மூடு."

"கால் மணி நேரமா பாத்துகினு கீறேன் பாய். பாவம்னு தோணல. இன்னா அழகா கீதுன்னுதான் தோணிச்சி."

"உனுக்கு எங்க போனாலும் லைட்டிங்தான். மாமனார் சாவுல, பாடிய கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி வைங்கன்னு சொன்ன ஆளு தானே நீ."

"அது போட்டோக்கு சொன்னேன்."

"நானும் அத்தாம்பா சொல்றேன்."

வேம்புலி சிரிக்கவில்லை. எடுத்தவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று யோசித்தார். ஒரு பிணத்துக்கு முன்னால் நின்று, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறான். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் இந்தப் படம் வந்திருக்காது. அந்த ஒரு அடியை அவன் எடுத்து வைத்திருக்கிறான். கோபம் வந்தது. ஆனால் தானும் கால் மணி நேரம் அந்த ஒரு அடியில்தான் நின்றோம் என்பதும் தெரிந்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் அவர் வேறு எந்த வேலைக்கும் செய்யாத அளவுக்கு இதற்குச் செய்தார். கையை எடுத்தார். பின்னால் இருந்ததையெல்லாம் எடுத்து, மேலே வெளிர்நீலத்தில் தொடங்கிக் கீழே ரோஸில் முடியும் பின்னணி வைத்தார். கன்னத்து மண்ணைத் துடைத்தார். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிற மாதிரி இருந்த பளபளப்பை, எல்லாருக்கும் எடுப்பது போல எடுத்தார். கலைந்த முடியை வாரினார். நிறத்தை ஒரு படி ஏற்றினார். ஜெபாவுக்குச் செய்தி அனுப்பி அவள் படம் ஒன்றை வாங்கி, அதிலிருந்து இரண்டு கண்களை எடுத்து வைத்தார். நான்கு நாள் ஆயிற்று. முடித்தபோது ஒரு அமைதியான அம்மாள் திரையிலிருந்து அவரைப் பார்த்தாள். இனிமேல் இதை அழகு என்று சொல்லலாம், தப்பில்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெபா வந்தாள். கூடவே மகள் பவ்யா, எட்டு வயது. ஆவடியிலேயே பிறந்தவள் என்பது வாயைத் திறந்ததும் தெரியும். வேம்புலி திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"அம்மா, இது நீ" என்றாள் பவ்யா.

ஜெபா திரைக்குக் கிட்டே வந்தாள். "இது என்ர கண்."

"உன் கண்ணுதான் மா" என்றார் வேம்புலி. அவர் குரலில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "அம்மா சாயல் அப்படியே உன்கிட்ட கீது. மூடின கண்ணோட ஊட்ல மாட்ட மாட்டாங்க இல்ல, அதான் தொறந்துட்டேன்."

"ஏன் திறந்தனீங்கள்?"

"செத்தவங்க படத்துல அப்படித்தான் மா…"

"அம்மா அப்ப சாகேல்லை."

தட்டிக்குப் பின்னால் ரசாக்கின் ரம்பம் நின்றது.

"அந்தக் கை எங்க அண்ணை?"

"எது மா?"

"தண்ணி ஊத்தின கை. அது என்ர கை."

இத்தனை வருடத்தில் ஒருவரும் வேம்புலியிடம் எடுத்த கையைத் திருப்பிக் கேட்டதில்லை. "நீதானே மா அழகா பண்ணச் சொன்ன" என்றார்.

"நான் எப்ப சொன்னனான்?"

"வடிவா பண்ணுங்கன்னு சொன்னியே."

ஜெபா விழித்தாள். பவ்யாதான் முந்திக்கொண்டாள். "ஐயோ அங்கிள்! வடிவுன்னா அழகுதான். ஆனா வடிவாப் பாருன்னா அழகா பாருன்னு இல்ல. நல்லா, கவனமா பாருன்னு. வடிவாப் பார்த்து எழுதுன்னு அம்மா ஹோம்வொர்க்குக்கு டெய்லி திட்டுவாங்க."

ரசாக் தட்டியைச் சுற்றி வந்து நின்றார். "நாலு நாளா குந்திகினு கீறான் பாப்பா. எல்லாம் பண்ணான். கவனமா பாக்கறத மட்டும் உட்டுட்டான்."

வேம்புலி ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். ஜெபா உட்கார்ந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசும்போது திரையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"பக்கத்தில ஷெல் விழுந்தது. எங்களுக்கு ஒண்டும் இல்லை, மண்தான். அம்மாவின்ர ரெண்டு கண்ணுக்குள்ளயும் மண். திறக்க ஏலாம நிண்டவ. கேனில குடிக்க வச்ச தண்ணி கொஞ்சம் கிடந்தது. மூடியில ஊத்தி ஊத்திக் கண்ணைக் கழுவிவிட்டனான். 'காணும் பிள்ளை, போதும், குடிக்க வை' எண்டா. நான் விடேல்லை. கடைசி மூடி ஊத்தேக்க முகத்தை நிமிர்த்தி, 'குளிர்மையாக் கிடக்கு' எண்டு சொன்னவ. ஆரோ படம் எடுத்தவை. நான் திரும்பிப் பார்க்கேல்லை."

"அப்புறம்?" என்றார் வேம்புலி.

"அதுக்குப் பிறகு பதினொரு நாள்தான் இருந்தவ" என்றாள்.

பிறகு படம் கிடைத்த கதைக்கு வந்தாள். வெளிநாட்டில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி, அங்கே ஒரு மண்டபத்தில் போர்ப்படங்கள் மாட்டியிருந்த இடத்தில் பெரியம்மாவை அடையாளம் கண்டான். கேட்டு வாங்கி அனுப்பியவனும் அவனே. போனில் அழுதான், திட்டினான். அந்தப் படத்தின் முன்னால் நின்றவர்கள் எவ்வளவு அழகு என்று சொன்னார்களாம்.

"செத்த சனத்தைப் பார்த்து வடிவெண்டு சொல்லுதுகள் எண்டு அவனுக்குக் கோபம். எனக்கும் அது வடிவாத்தான் தெரிஞ்சது அண்ணை. நான் அவனிட்டச் சொல்லேல்லை. போனில முகத்தை மட்டும் பெருப்பிச்சு வச்சுக்கொண்டு பார்ப்பன். மற்றதெல்லாம் வெளியில போயிடும். அதாலதான் முகம் மட்டும் போதுமெண்டனான்."

"நானும் பாத்தேன் மா" என்றார் வேம்புலி. "கால் மணி நேரம். பொணம்னு நெனச்சிகினே அழகா கீதுன்னு பாத்தேன். தப்புன்னு தோணிச்சி."

"பார்த்தீங்கள்தானே. பிறகேன் மாத்தினீங்கள்?"

அவள் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேம்புலி தான் செய்த படத்தை மூடிவிட்டு, அவள் அனுப்பியதில் முகத்தை மட்டும் திரை முழுக்கத் திறந்தார். நெற்றியை நூறு சதவீதம், இருநூறு சதவீதம் என்று கிட்டே கொண்டுவந்தார். பழைய பிரஸ் நாட்களில் பிலிம்மேல் லென்ஸை வைத்துக் குனிவது போலக் குனிந்தார்.

புருவ மயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கன்னத்து மண்ணின் நடுவே ஒரு ஈரக் கோடு. எண்ணெய் வழிகிறது என்று அவர் துடைத்தது எண்ணெயே அல்ல, தண்ணீர். வெயில் அங்கே எல்லார் மேலும்தான் விழுந்திருக்கிறது, தார்ப்பாயிலும் தரையில் கிடந்தவர்கள் மேலும். மண் படிந்த இடமெல்லாம் அதை விழுங்கிவிட்டது. நனைந்திருந்தது இந்த முகம் ஒன்றுதான். அதனால்தான் இது ஒளிர்ந்தது. படம் எடுத்தவன் அந்த வெளிச்சத்தைக் கண்டுபிடித்தான், அவ்வளவுதான். உண்டாக்கியது ஓரத்தில் இருந்த கை.

முகம் முழுதும் தெரிகிற அளவுக்குப் படத்தைச் சிறிதாக்கினார். "அம்மா, அம்மம்மா சிரிக்கிறாங்க" என்றாள் பவ்யா.

ஜெபா அப்போதுதான் திரையைப் பார்த்தாள். இவ்வளவு பெரிதாக அவள் அதைப் பார்த்ததே இல்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"கை இருக்கட்டும் மா?" என்று கேட்டார் வேம்புலி.

"ஓம். கை இருக்கட்டும். கண்ணும் அப்பிடியே இருக்கட்டும்."

"பின்னாடி?"

மகள் பிரேம்கள் பக்கம் திரும்பியதும் அவர் முழுப் படத்தையும் காட்டினார், தரையில் கிடந்தவர்களை ஜெபா பார்த்தாள். "அவையளும் ஆரோ ஒராளின்ர அம்மாதான். ஆனா பிள்ளைக்கு இப்ப வேண்டாம். பிறகு நான் காட்டுவன்."

இந்த முறை செய்ய வேண்டியது குறைவு. அதனாலேயே அதிக நேரம் பிடித்தது. பல போன்கள் மாறி வந்த பைல், நிறையப் புள்ளி விழுந்திருந்தது. முகமும் கையும் மூடியும் கொஞ்சம் சாம்பல் வானமும் வருகிற மாதிரி வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாகப் போனார். இது பைலில் விழுந்த குறை, அடைக்கலாம். இது கன்னத்தில் இருந்த மண், தொடக் கூடாது. எது எது என்று தெரியாவிட்டால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு எழுந்து, டீ குடித்து, மறுபடி வந்து பார்த்தார். ஒரு முறை மட்டும் முடிவு செய்ய முடியாமல் அவளுக்குப் போன் செய்தார்.

"இடது புருவத்துக்கு மேல கறுப்பா ஒண்ணு கீது மா. மண்ணா, மச்சமா?"

அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல். "மச்சம் அண்ணை. நான் மறந்தே போனன்."

ரசாக்குக்குப் பிரேம் விஷயத்தில் ஒரே ஒரு ஆட்சேபம். "கண்ணு மூடின படம் நம்ம கடைலேர்ந்து போவுதுன்னா நாலு பேரு இன்னா சொல்வான்? வேம்புலிக்குக் கண்ணு தொறக்கத் தெரிலன்னுவான்."

"சொல்லட்டும் பாய்."

"கோல்டு பிரேமு?"

"வேணாம். அந்த ஒல்லி மரம் போடு."

"மேல ஜீரோ வாட்ஸ் பல்பு?"

"பாய்…"

"கேட்டேம்பா." ரசாக் மூலைகளைச் சேர்த்தார். நான்கு மூலையிலும் வெளிச்சம் தெரியாமல் மரம் பொருந்த வேண்டும். ஒன்றில் மயிரிழை தெரிந்தது. யாரும் சொல்லாமலே அதைப் பிரித்து, மறுபடி இழைத்துச் சேர்த்தார். கண்ணாடியைப் போடும் முன் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "சாம்பிளுக்கு ஒரு காப்பி மாட்டலாம் மாமே, ஜனம் நின்னு பாக்கும்" என்றவர், வேம்புலி நிமிர்வதற்குள் தானே தலையாட்டிக்கொண்டார். "வேணாம், வேணாம். அது அவங்க ஊட்ல இருக்கட்டும்."

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், மழை விட்ட ஒரு சாயங்காலம் ஜெபா வேலையிலிருந்து நேராக வந்தாள், பவ்யாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு. வேம்புலி மேஜையைத் துடைத்துவிட்டு, பிரேமை இரண்டு கையாலும் எடுத்து நிமிர்த்தி வைத்தார். விளக்கு கண்ணாடியில் அடிக்காதபடி கொஞ்சம் சாய்த்தார்.

நிமிர்ந்த முகம். மூடிய கண்கள். புருவத்துக்கு மேல் மச்சம். இடது ஓரத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையின் மெலிந்த கை, மூடி சாய்ந்து, தண்ணீர் விழுந்து முடிந்த கணம்.

ஜெபா அதைப் பார்த்தபடியே நின்றாள். அந்த மச்சத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு விரலை வைத்தாள், எடுத்தாள்.

"பேப்பர் சுத்தித் தரட்டுமா மா?" என்றார் ரசாக். "பஸ்ல கூட்டமா இருக்கும்."

"வேண்டாம் அண்ணை. இப்பிடியே கொண்டு போறம்."

வெளியே மறுபடி தூறல் போட்டது. வேம்புலி பிரேமை அவள் கையில் கொடுத்தார். குடையை விரிக்க வேண்டியிருந்ததால் அவள் அதை மகளிடம் நீட்டினாள்.

"வடிவாப் பிடி, பிள்ளை" என்றாள்.

பவ்யா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.